மலையேறும் காரில் புதுச் சத்தமா? ‘எப்போது வருகிறது’ என்று கவனியுங்கள்

கொடைக்கானலுக்குக் காரில் கிளம்பும்போது இ-பாஸ் எடுத்தாச்சா, ஸ்வெட்டர் வெச்சாச்சா, 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் எதுவும் வண்டியில் இல்லையே என்று ஒரு முறைக்கு இரண்டு முறை பார்க்கிறோம். வண்டியை மட்டும் நம்பிவிடுகிறோம். வத்தலக்குண்டு தாண்டி, காமக்காபட்டி சோதனைச் சாவடியைக் கடந்து ஏற்றம் பிடித்த கொஞ்ச நேரத்தில், ஊரில் கேட்காத ஒரு சத்தம் பானெட் பக்கமிருந்து வருகிறது. அப்போது சிலர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டு ஓட்டிக்கொண்டே போகிறார்கள். சிலர் பதறிப்போய் கொண்டை ஊசி வளைவின் நடுவிலேயே வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். முதல் ரகத்தில் இன்ஜின் போகும். இரண்டாவது ரகத்தில் பின்னால் வரும் பேருந்துக்காரரின் கதி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சத்தம் கேட்டால் உடனே நிற்க வேண்டுமா, மெதுவாகப் போய் மெக்கானிக்கிடம் காட்டினால் போதுமா, கண்டுகொள்ளாமல் விடலாமா என்பதை ஓட்டுகிறவரே ஓரளவு முடிவு செய்ய முடியும். அதற்கு மெக்கானிக் படிப்பு தேவையில்லை.

‘எப்படி’ என்பதைவிட ‘எப்போது’

பட்டறையில் போய், “அண்ணே, வண்டில ஏதோ கடகடன்னு சத்தம் வருது” என்கிறோம். அனுபவமுள்ள மெக்கானிக் அந்தக் ‘கடகட’வைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஒருவருக்குக் கடகட என்பது இன்னொருவருக்கு லொடலொட. அவர் திருப்பிக் கேட்பது வேறு: “எப்ப வருது? ஏறும்போதா, இறங்கும்போதா? நிக்கும்போது வருதா? காலைல ஸ்டார்ட் பண்ணதும் வந்துட்டு அப்புறம் நின்னுடுதா? திருப்பும்போது மட்டுமா?” இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சமதளமான, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்துங்கள். இன்ஜின் வேகத்தோடு சத்தமும் கூடிக் குறைந்தால் அது இன்ஜினிலோ, அதோடு சேர்ந்து சுற்றும் பெல்ட், ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர் போன்றவற்றிலோ இருக்கிறது. நின்றபடி எவ்வளவு அழுத்தினாலும் வராமல், வண்டி உருண்டால் மட்டும் வருகிறதா? அப்படியானால் சந்தேகம் சக்கரம், பேரிங், பிரேக், ஆக்சில் பக்கம் போக வேண்டும். இன்ஜின் என்று நினைத்துக் கொண்டுவரப்படும் சத்தங்களில் பல கடைசியில் சக்கரத்தில்தான் போய் நிற்கும்.

அடுத்து கிளட்ச்சை மிதித்துப் பாருங்கள். மிதித்ததும் சத்தம் தொடங்கினால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்; மிதித்ததும் நின்றுபோனால் கியர்பாக்ஸ் பக்கம். ஏசியைப் போட்டு அணைத்துப் பாருங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் சத்தம் மாறியது என்று தெரியாது. கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மட்டும் ‘டக் டக் டக்’ என்று முன் சக்கரத்திலிருந்து வந்தால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. உடனே நின்றுபோகாது. ஆனால் ஊருக்குப் போனதும் கட்டாயம் பார்க்க வேண்டிய வேலை.

மலைச்சாலையில் இன்னொரு வசதி உண்டு. ஒரு பக்கம் பாறைச் சுவர். ஜன்னலை இறக்கிவிட்டு அதன் ஓரமாக மெதுவாகப் போனால், சத்தம் பாறையில் பட்டுத் திரும்பித் தெளிவாகக் காதில் விழும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதைக் கைபேசியில் பதிவு செய்து வைக்கட்டும். பட்டறை போனதும் சத்தம் மாயமாய் மறைந்துபோவது எல்லா வண்டிக்கும் உள்ள குணம்.

மலைக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

வத்தலக்குண்டு கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். இடையில் உள்ள 50 சொச்சம் கிலோமீட்டரில் வண்டி தன்னையும் நம்மையும் மூட்டை முடிச்சையும் 1,800 மீட்டர் மேலே தூக்கிக்கொண்டு போகிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். கொடைக்கானலில் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குக்கும் சற்றுக் குறைவு. டர்போ இல்லாத இன்ஜினுக்குக் கிடைக்கும் காற்று அந்த அளவு குறைகிறது, இழுவையும் குறைகிறது. நாம் ஆக்சிலேட்டரை இன்னும் மிதிக்கிறோம். சென்னையிலோ மதுரையிலோ ஒளிந்திருந்த கோளாறு இந்தச் சுமையில் வாய் திறக்கிறது. டர்போ வண்டிக்காரர்கள் மேலே போகும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் பயப்பட வேண்டாம். மெல்லிய காற்றை அமுக்கித் தர டர்போ கூடுதலாகச் சுற்றுகிறது. அது ஊளை மாதிரி மாறி, புகையும் வந்து, இழுவையும் போனால்தான் கோளாறு.

பெட்ரோல் வண்டிகளில் ஏற்றத்தில் அடிக்கடி கேட்கும் ஒன்று உண்டு. தகர டப்பாவில் சில்லறைக் காசைப் போட்டுக் குலுக்கின மாதிரி ‘கிலுகிலு’ சத்தம். இதை ‘நாக்கிங்’ என்பார்கள். இன்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் சீராக எரிய வேண்டும். சூடும் அழுத்தமும் அதிகமானால் ஒரு பகுதி தானாகவே வெடித்துப் பற்றிக்கொள்ளும். அந்த அதிர்வுதான் இந்தச் சத்தம். பெரும்பாலும் காரணம் நம் ஓட்டுமுறைதான். மூன்றாம் கியரிலோ நான்காம் கியரிலோ, இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது ஏற்றத்தில் அழுத்தி மிதிப்பது. இரண்டாம் கியருக்கு வாங்க. பெரும்பாலும் சத்தம் அங்கேயே நிற்கும்.

காற்றழுத்தம் குறையக் குறைய, டர்போ இல்லாத இன்ஜினில் நாக்கிங்கும் குறையத்தான் வேண்டும். அடிவாரத்து வெயிலில் லேசாகக் கேட்டு, ஊத்து, பெருமாள்மலை என்று மேலே போகப் போகக் குறைந்தால் ஓட்டுமுறைதான் காரணம். கியரைக் குறைத்த பிறகும், குளிர்ந்த உயரத்திலும் கூடிக்கொண்டே போனால் அது இயல்பல்ல. இன்ஜின் சூடாகிறதா என்று முதலில் டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். உள்ளே கரி படிந்திருந்தாலும், கலப்படமான எரிபொருள் போட்டிருந்தாலும் இப்படி ஆகலாம்.

இந்தச் சத்தங்களுக்கு நின்றே ஆக வேண்டும்

முதலாவது, இன்ஜின் அடிப்பகுதியிலிருந்து கனமான ‘டொக் டொக்’. சுத்தியலால் மரக்கட்டையைத் தட்டின மாதிரி இருக்கும். ஆக்சிலேட்டர் மிதித்தால் வேகமாகத் தட்டும். கூடவே டேஷ்போர்டில் எண்ணெய்க் கிண்டி போன்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ஆயில் அழுத்தம் போய்விட்டது என்று பொருள். இது, ‘பெருமாள்மலை வரைக்கும் போயிடலாம்’ என்று சொல்லும் நேரமல்ல. பாதுகாப்பான ஓரத்துக்கு ஒதுங்கியதும் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். கனெக்டிங் ராடு பேரிங்குக்கு எண்ணெய் போகாமல் சில நிமிடங்கள் ஓடினாலே போதும், சில ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டியது முழு இன்ஜின் வேலையாகிவிடும்.

அந்தச் சிவப்பு விளக்கு நேர்ச்சாலையில் எரியாமல், கொண்டை ஊசி வளைவில் மட்டும் கண்சிமிட்டிவிட்டு அணைந்தால்? ‘ஏதோ சென்சார் கோளாறு’ என்று விட்டுவிடாதீர்கள். ஆயில் அளவு குறைந்திருக்கும்போது, வளைவில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் வெறும் காற்றை இழுக்கும். அதுதான் அந்த ஒரு நொடி விளக்கு. அடுத்த சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.

இரண்டாவது, கொதிக்கும் சத்தமும் சீறலும், டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கிப் போவதும். ஏசியை உடனே அணையுங்கள். ஒதுங்க இடம் கிடைக்கும்வரை உள்ளே ஹீட்டரை முழுதாகப் போட்டால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் வெளியேறும். நமக்கு வியர்க்கும், பரவாயில்லை. நின்ற பிறகு ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. குறைந்தது அரை மணி நேரம் ஆற வேண்டும். அருவித் தண்ணீரைப் பிடித்துவந்து சூடான இன்ஜின் மேல் ஊற்றுவதும் தப்பு; சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம். சில வண்டிகளில் கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீரை ஊற்றியே ஓட்டிக்கொண்டிருப்பார்கள். கொடைக்கானல் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைச் சரியாகப் பிடிக்காவிட்டால் உள்ளே இருக்கும் தண்ணீரும் அந்த வழிதான்.

மூன்றாவது இறக்கத்தில் வருவது. பிரேக் மிதிக்கும்போது இரும்பும் இரும்பும் உரசும் ‘கர்ர்ர்’. வெறும் கீச் சத்தம் என்றால் பேட் தேய்கிறது என்ற முன்னறிவிப்பு. கர்ர்ர் என்றால் பேட் முடிந்துவிட்டது. கருகின வாடையும், பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்குவதும் சேர்ந்தால் ஒரு மீட்டர்கூட வீம்பு காட்டாதீர்கள். ஆனால் அவசரப்படுவதற்கு முன் ஒன்று: பிரேக் மிதிக்காமலேயே ஒரு சக்கரத்தில் ‘சிர்ர்ர்’ என்று உரசினால், டிஸ்க்குக்கும் அதன் தகட்டுக்கும் நடுவில் சின்னக் கல் மாட்டியிருக்கலாம். சமதளத்தில் மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தினாலே பல நேரம் விழுந்துவிடும்.

பயப்பட வேண்டாத சத்தம் ஒன்று

இறக்கத்தில் இரண்டாம் கியரில் வரும்போது இன்ஜின் ‘ஊஊம்’ என்று உறுமும். புதிதாக ஓட்டுகிறவர்கள், “வண்டி ரொம்பக் கத்துது, இன்ஜினுக்கு ஆகாது” என்று நியூட்ரலுக்குத் தள்ளிவிடுகிறார்கள். பெட்ரோல் மிச்சம் என்று வேறு நினைப்பு. இதைவிட ஆபத்தான பழக்கம் மலைச்சாலையில் இல்லை. அந்த உறுமல்தான் உங்களைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. சக்கரம் இன்ஜினைச் சுற்ற, இன்ஜின் சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறது. பிரேக்குக்குப் பாதி வேலை மிச்சம். நியூட்ரலில் வந்தால் முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். நீண்ட இறக்கத்தில் பிரேக் ஆயிலே சூடாகிக் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். நவீன கார்களில் கியரில் இறங்கும்போது, ஆக்சிலேட்டரில் கால் வைக்காவிட்டால், எரிபொருள் விநியோகமே நின்றுவிடும். ஆகவே நியூட்ரலில் மிச்சம் என்பதும் கிடையாது. ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வது இன்றைக்கும் சரி. ஆட்டோமேட்டிக் வண்டியில் ‘எல்’, ‘2’ அல்லது கையால் மாற்றும் நிலையைப் பயன்படுத்துங்கள். இறக்கத்தில் இன்ஜினை அணைப்பது பற்றி யோசிக்கவே கூடாது. பவர் ஸ்டீயரிங்கும் பிரேக்குக்கு உதவும் பூஸ்டரும் அதோடு போய்விடும்.

வண்டியை நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் ஃபேன் இரண்டு மூன்று நிமிடம் ‘விர்ர்’ என்று ஓடுவது, சூடான சைலன்சர் ஆறும்போது ‘டிங் டிங்’ என்பது எல்லாம் இயல்பு. ஏசி வழியாகப் ‘படபட’ வந்தால், மரத்தடியில் நிறுத்தியபோது யூகலிப்டஸ் இலை உள்ளே விழுந்து ஃபேனில் மாட்டியிருக்கலாம்.

கொடைக்கானல் காலைகள்

ஊரில் வராத இன்னொரு வகைச் சத்தம் இரவு தங்கிய மறுநாள் காலையில் வரும். பனியில் நனைந்த பெல்ட் ஸ்டார்ட் செய்ததும் ‘கீச்’ என்று அலறி, ஒரு நிமிடத்தில் ஓய்ந்துவிடும், விட்டுவிடலாம். சூடான பிறகும் தொடர்ந்தால் பெல்ட்டோ டென்ஷனரோ பார்க்க வேண்டும். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. வழியில் அறுந்தால் பேட்டரி சார்ஜும் போச்சு, குளிர்விப்பும் போச்சு. டீசல் இன்ஜின் குளிரில் முதல் சில நிமிடம் கூடுதலாக ‘தடதட’ என்பது சகஜம். மேல் பக்கத்திலிருந்து மெல்லிய ‘டிக் டிக்’ வந்து சில நொடிகளில் நின்றால் டேப்பெட்டுக்கு எண்ணெய் ஏறுகிறது என்று பொருள். நிற்காவிட்டால் ஆயில் அளவைப் பாருங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கொடைக்கானலில் தங்கும் விடுதிகளின் நிறுத்துமிடம் பெரும்பாலும் சரிவு. சரிவில் நிற்கும் வண்டியில் டிப்ஸ்டிக் காட்டும் அளவு பொய். முன்பக்கம் தாழ்ந்திருந்தால் ஒரு கணக்கு, உயர்ந்திருந்தால் வேறு கணக்கு. ஏரியைச் சுற்றிய சாலை மாதிரி சமமான இடத்துக்குக் கொண்டுபோய், நெரிசலுக்கு இடைஞ்சல் இல்லாமல் நிறுத்தி, இன்ஜினை அணைத்து 5, 10 நிமிடம் கழித்துப் பாருங்கள்.

காலையில் ‘புஸ் புஸ்’ அல்லது ‘டப் டப்’ என்று தொடங்கி, சூடானதும் குறையும் சத்தத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். புகைக்குழாய் இணைப்பில் கசிவு இருந்தால் இப்படி வரும். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளி அடைவதால் குறைகிறது. கசிவது கார்பன் மோனாக்சைடு கலந்த புகை. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளிருக்காகக் கண்ணாடியை ஏற்றி, ஹீட்டர் போட்டு, இன்ஜினை ஓடவிட்டபடி காருக்குள் தூங்கினால் விழிக்காமலே போகலாம். கசிவு இல்லாத வண்டியிலும் இப்படித் தூங்கக் கூடாது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் வந்தால், உடனே எல்லோரும் வெளிக்காற்றுக்கு வந்து 108-ஐ அழையுங்கள்.

நிற்க வேண்டி வந்தால்

வளைவுக்குள் நிற்கக் கூடாது. கொஞ்சம் தள்ளி, இரண்டு பக்கமும் தெரியும் இடத்தில் மலைப் பக்கமாக ஒதுங்குங்கள். அபாய விளக்கைப் போட்டு, முக்கோண எச்சரிக்கைப் பலகையை வளைவுக்கு முன்பே வையுங்கள். வண்டிக்குப் பக்கத்தில் வைத்தால் பிரயோஜனம் இல்லை. ஏற்றத்தைப் பார்த்து நிற்கும் வண்டிக்கு முதல் கியர், இறக்கத்தைப் பார்த்து நிற்பதற்கு ரிவர்ஸ் கியர், கூடவே சக்கரத்துக்குக் கல். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போடுங்கள். யாரோ முட்டுக் கொடுத்துவிட்டு நடுரோட்டில் விட்டுப்போன கல் பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரருக்கு எமனாகிவிடும். மூடுபனி என்றால் எல்லோரும் வண்டியிலிருந்து இறங்கி மலைச் சுவர் ஓரமாக நில்லுங்கள். அவசர உதவிக்கு 112. காயம் என்றால் 108.

வண்டியை விட்டுவிட்டு வேறு காரில் பயணத்தைத் தொடர்வதாக இருந்தால் ஒரு விஷயம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸ், வண்டியின் பதிவு எண்ணுக்குத்தான் தரப்படுகிறது. மாற்று வண்டி வெளியூர் வண்டியானால் அதற்கும் தனியாக எடுக்க வேண்டும். அரசுப் பேருந்தில் ஏறினால் இந்தத் தொல்லை இல்லை.

பில், காப்பீடு, புகார்

சிவப்பு விளக்கு எரிந்தும் ஓட்டி இன்ஜினைக் கெடுத்துக்கொண்டால் காப்பீடு கைகொடுக்கும் என்று நம்பாதீர்கள். வழக்கமான கார் காப்பீட்டில் இயந்திரக் கோளாறும், அதன் தொடர் விளைவாக வரும் இழப்பும் விலக்கப்பட்டவை. வழியில் பழுதானால் இழுத்துச் செல்லும் சேவையும் கூடுதல் பிரீமியம் கட்டியவர்களுக்குத்தான். உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்து, எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. செயலிக்குள் தேடுவது நடக்காது.

மலையில் அவசரத்துக்கு வேலை பார்த்தாலும், என்ன கோளாறு, என்ன மாற்றினார்கள் என்று எழுதிய பில் வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக முறை. தேவையில்லாத வேலை செய்து பணம் பிடுங்கியதாகவோ, செய்த வேலை சரியில்லை என்றோ பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் பேசுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வேலை நடந்தது கொடைக்கானல் என்பதற்காகத் திண்டுக்கல்லுக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்க இச்சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் அனுப்பலாம்.

அதே மாடல் வைத்திருக்கும் பலருக்கும் அதே சத்தம், சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் “இது இயல்புதான் சார்” என்ற அதே பதில் என்றால், அது உங்கள் வண்டியின் கோளாறாக இல்லாமல் தயாரிப்புக் கோளாறாக இருக்கலாம். பாதுகாப்பைப் பாதிக்கும் குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க வைக்கும் விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. தயாரித்து 7 ஆண்டு ஆகாத வண்டி என்றால், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாகன் இணையதளத்தில் வாகன உரிமையாளரே நேரடியாகக் குறையைப் பதிவு செய்யலாம். பதிவுச் சான்று விவரங்களோடு, கைபேசியில் பிடித்து வைத்த சத்தத்தையும் சர்வீஸ் பில்களையும் பத்திரமாக வைத்திருங்கள். விளக்கம் கேட்டால் காட்ட உதவும்.